நான் எழுதாத மூன்றாவது கேமரா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்பி, மின்சாரம், எண், இதைத் தாண்டி எதையும் நம்பியதில்லை. கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம். பெங்களூருக்கு ஓடிப்போன எங்கள் நகரிப் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தோம். நான் சேர்ந்த இடத்தில் பேருந்துகளில் மாட்டுகிற கேமரா போர்டு செய்தார்கள். டிவைஸ் ட்ரீ என்று ஒரு கோப்பு எழுதுவதுதான் என் வேலை. கேமரா சென்சார் இருக்கிறதே, அது தானாக வாயைத் திறந்து நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லாது. எந்த முகவரியில் இருக்கிறது, எத்தனை வோல்ட் வேண்டும், ரீசெட் எந்தக் கம்பி, முகம் எந்தப் பக்கம் என்று ஒருவன் எழுதி வைத்தால்தான் இயங்குதளம் அதைக் கூப்பிடும். எழுதாவிட்டால் அப்படி ஒரு கேமரா உலகத்திலேயே கிடையாது.

நான் எழுதுவதைச் சோதிப்பவள் சுகன்யா, சத்தியவேடுக்காரி. மொத்த ஆபீசிலும் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், எதிரெதிர் நாற்காலி. ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியவர்கள்தான், ஆனால் இரண்டு பேரும் காண்ட்ராக்ட், நிரந்தர வேலை ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் சிரித்தால்கூட எனக்கு எரிந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் ரிப்போர்ட் கொடுத்தாள். போர்டில் இருப்பது இரண்டு கேமரா, கோப்பில் எழுதியிருப்பதும் இரண்டு, ஆனால் மூன்றாவதாக ஒன்று பதில் சொல்கிறது. என் கோப்பில் ஓட்டை என்று மேனேஜரிடம் காட்டிக் கொடுக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. மேனேஜர் புதன்கிழமை வந்து, "செக் சேசாவா? ராசி இவ்வு" என்றார். பார்த்தாயா, எழுதிக் கொடு என்கிறார். நான் அந்த போர்டைத் தொடக்கூட இல்லை. 'இயக்கிப் பார்த்தேன், மூன்றாவது எதுவும் இல்லை, சோதித்தவரின் தவறு' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

மேனேஜர் அதைக் காட்டியதும் அவள் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"போர்ட தொட்டியா நீ?"

"தொட்டேன்."

"பொய்யி. நீ எழுதலன்னா அது இல்லாம பூடுமா?"

வியாழக்கிழமை அவளை அனுப்பிவிட்டார்கள். நான் மறுநாள் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்த போர்டை ஸ்டோருக்கு அனுப்பும் முன் ஒரு தரம் போட்டுப் பார்க்கலாமே என்று எடுத்தேன். நல்ல வெயில் நேரம், பக்கத்து அறையில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது பொய் என்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டும் போலிருந்தது. இருந்த இரண்டு கேமராவின் கம்பிகளையும் பிடுங்கினேன், கோப்பிலும் இரண்டையும் அழித்தேன். இனி பதில் சொல்ல அதில் எதுவுமே இல்லை.

போட்டதும் திரையில் ஒரு வரி வந்தது. கேமரா ஒன்று இருக்கிறதாம். முகம் எந்தப் பக்கம் என்கிற இடத்தில் 3. முன்பக்கம் என்றால் 0, பின்பக்கம் 1, வெளியே தனியாக இருந்தால் 2, அவ்வளவுதான். மூன்று என்று ஒரு பக்கமே கிடையாது.

படத்தைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், அதில் நான் இருந்தேன். எதிரே சுகன்யாவின் நாற்காலியிலிருந்து யாரோ பார்ப்பதுபோல. நிமிர்ந்து பார்த்தேன், நாற்காலி காலி. என் கை பிளக்கைப் பிடித்திருந்தது, படத்தில் இருந்தவனோ வேகமாக எதையோ அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியில் அவன் திரை தெரிந்தது. அது நான் மேனேஜருக்கு அனுப்பிய அந்தக் கடிதம்.

பிளக்கைப் பிடுங்கி போர்டைக் கழிவுப் பெட்டியில் போட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். சொல்லவில்லை. வேலை எனக்கு நிரந்தரமானது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துத் தாங்க முடியாமல் அவளுக்கு போன் செய்தேன். சென்னையில் இருந்தாள். "அது பதில் சொல்லிச்சி சுகன்யா" என்றேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"படம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

அவள் ரிப்போர்ட்டில் படம் என்று ஒரு பேச்சே கிடையாது.

"எனக்கு திங்கக்கெழமையே வந்துச்சி. நீ குந்திக்கினு என்னெப் பத்தி அந்த லெட்டர அடிச்சிக்கினு கீற. அத எப்டி ரிப்போர்ட்ல எழுதறது? நீ அப்டி எழுத மாட்டேன்னு நெனச்சிக்கினு ரெண்டு நாளு பாத்தேன்."

கோபம் வந்துவிட்டது எனக்கு. வேலை போன ஆத்திரத்தில் கதை கட்டாதே என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"மஞ்ச கோடு போட்ட சட்ட" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தச் சட்டையை நான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் திருப்பதியில் வாங்கினேன். புதன்கிழமைதான் முதல் தடவையாகப் போட்டேன்.