மூலையில் ஒரு பல்

ஜெராக்ஸ் கடைக்காரரின் மனைவிக்குத் தெருவில் ஊமையக்கா என்று பெயர். பேச வராமல் இல்லை; அவள் வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். கணவரோ வாயாடி. "எனக்கும் சேத்து இவ கேட்டுக்குவா, இவளுக்கும் சேத்து நான் பேசிக்குவேன்" என்று வருகிறவர்களைச் சிரிக்க வைப்பார். அவளும் சிரித்துவைப்பாள்.

ஒன்பது வருடமாக லேமினேஷன் அவள் பொறுப்பு. அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலைகளையும் வளைவாக வெட்ட வேண்டும். வெட்டுகிற கருவிக்குள் ஒருமுறை ஸ்டேப்ளர் பின் மாட்டி, கத்தி ஓரிடத்தில் சிதைந்துவிட்டது. அன்றுமுதல் வெட்டும் மூலை ஒவ்வொன்றிலும் பால்பல் முளைத்தாற்போல ஒரு சொரசொரப்பு நிற்கும். கண்ணுக்குத் தப்பும், கட்டைவிரலுக்குத் தப்பாது. அதை அவள் நகம் தேய்க்கும் அரத்தால் ராவிவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பாள். வேறு வாங்கச் சொன்னால், "அதான் நீ தேச்சிடுறியே" என்பார் கணவர்.

அன்று மதியம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். கணவர் திரைக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யக்கா, இந்த அறிவிப்புல அம்பது காப்பி. ஒண்ணுக்கு மட்டும் லேமினேஷன், ஸ்டேஷன் வாசல்ல மாட்டணும். அப்புறம் இந்தக் கார்டு, ரெண்டு பக்கமும் எடுங்க. பத்திரம், கேஸ்ல இருக்கு."

மெஷின் தாள்களைத் தள்ளத் தள்ள, ஏழாம் வகுப்போடு நின்றுபோனவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். போலி அடையாள அட்டை செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை. தெரிந்தே அதைப் பயன்படுத்தினாலும் அதேதான். தெரிந்தும் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு.

பிறகு கார்டை எடுத்தாள். படத்தில் எதிர்வீட்டுத் தையல்காரர் மகள். போன வருடம் பள்ளிக்கூட அட்டைக்கு இதே படத்தை வெட்டி ஒட்டியது இவள்தான். கார்டில் வயது பத்தொன்பது என்றிருந்தது.

"பதினாலு வயசுப் புள்ளக்கா அது" என்றார் போலீஸ்காரர். "கார்ட மாத்தி அட்டைப்பெட்டி கம்பெனியில சேத்து விட்டிருக்கானுங்க. நேத்து மெஷின்ல கை போயிடுச்சு. மூணு விரல்."

கார்டு நழுவப் பார்த்தது, இறுக்கிப் பிடித்தாள். கட்டைவிரலில் சுருக்கென்றது.

பல்.

அடுத்த மூலையைத் தடவினாள். அங்கேயும் இருந்தது. நான்கிலும் இருந்தது. வெட்டியது இந்தக் கருவி. தேய்க்காததால் வெட்டியது அவள் இல்லை. கடையில் இருப்பது இரண்டே பேர். அவள் குளிக்கப் போகிற நேரத்தில் வேறு யாராவது வந்து கருவியை எடுத்திருப்பார்களோ? அப்படியும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

"எவன் அடிச்சான்னு தெரியல. ஊருல இருக்குற கடையெல்லாம் ஏறி இறங்கணும்" என்று போலீஸ்காரர் சலித்துக்கொண்டார்.

லேமினேஷன் மெஷினிலிருந்து அறிவிப்பு சூடாக வெளியே வந்தது. அவள் கை கருவிப் பக்கம் போனதும் திரை விலகியது. எச்சில் கையோடு கணவர் நின்றார்.

"அதுல வேணாம், கத்தரியால நேரா வெட்டிக் குடு. சாருக்கு அதான் அழகா இருக்கும்."

"என்னங்க இது, மூலை குத்தாதா? மெஷின் சும்மாதானே கெடக்கு?" என்றார் போலீஸ்காரர்.

கணவர் சிரித்தார். ஒன்பது வருடமாக அவளும் கூடச் சிரித்த அதே சிரிப்பு. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அப்படியானால் தெரிந்தே செய்திருக்கிறார். அந்தப் பெண் தினமும் இந்த வாசலில் நின்று இவரை மாமா என்று கூப்பிடும்.

"ஏய், சொல்றது காதுல விழலையா?"

விழுந்தது. மூலையைக் கருவிக்குள் நுழைத்து அழுத்தினாள். டக். நான்கு முறை. அரம் பக்கத்திலேயே கிடந்தது, தொடவில்லை.

அறிவிப்பையும் கார்டையும் மேசைமேல் அருகருகே வைத்தாள். கணவர் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"சார், ரெண்டையும் மூலையில தடவிப் பாருங்க."