முப்பதாம் நாள் கணக்கு

பிப்ரவரி 4: புது மருத்துவமனைக்குப் பாராட்டுத் தொகை, ஐம்பது லட்சம்.
பிப்ரவரி 11: பழைய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒதுக்கீடு, அறுபது லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக.
மார்ச் 2: அதே பிரிவுக்கு, மூடும் யோசனையுடன், பூஜ்யம்.

காரணம் ஒரே ஓர் அட்டவணை. தீவிர சிகிச்சையில் சேர்ந்த நூறு பேரில் பழைய மருத்துவமனையில் பத்தொன்பது பேர் இறந்தார்கள். புதியதில் ஆறு பேர். அதில் இறுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் சுகாதார அலுவலகத்தின் புள்ளியியலாளர். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்கும் மல்லுக்கட்டுவார் என்பதால் அலுவலகத்தில் அவர் ‘தசமக்கா’.

அந்த ஆறு அவர் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. பிழைக்கமாட்டார் என்று தெரிந்தால் புது மருத்துவமனையில் ‘சொந்த விருப்பத்தில் வெளியேறினார்’ என்று எழுதி, நோயாளியை உறவினரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். கணக்கு வாசலோடு முடிந்துவிடும். தசமக்கா விடவில்லை. இரண்டு இடத்திலும் சேர்ந்தவர்கள் முப்பதாம் நாள் உயிரோடு இருந்தார்களா என்று வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்டார்.

“அப்பாவா? ஆம்புலன்ஸ் எங்க தெரு திரும்புறதுக்குள்ள முடிஞ்சிடுச்சும்மா,” என்றாள் ஒரு மகள். “இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்.”

வயது, வந்துசேர்ந்தபோது இருந்த நிலை, முப்பதாம் நாள் நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய புள்ளியியல் மாதிரி ஒன்றைக் கட்டினார். ஒரே அளவு நோயோடு வந்தவர்களை ஒப்பிட்டால் பழைய மருத்துவமனையில்தான் அதிகம் பேர் பிழைத்திருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு போனபோது, சுகாதார அலுவலக இயக்குநர் தன் அறைக் கதவைச் சாத்தினார். “விருது கொடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு. இப்பப் போய் ஒப்பாரி வைக்கறீங்களேம்மா! உங்க மாடலை அடிக்குறிப்புல போட்டுக்கலாம்.”

“செத்தவங்கள அடிக்குறிப்புல படுக்க வைக்க முடியாது சார்.”

“ரிட்டையராக எட்டு மாசம்தான் இருக்கு. பென்ஷனை யோசிங்க.”

“யோசிச்சேன். எனக்கு ஏதாவதுன்னா பழைய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்னு வீட்டுல சொல்லிட்டேன். நீங்க எங்க சார் போவீங்க?”

தசமக்கா அட்டவணையைக் கையெழுத்தில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, தன் அறிக்கையை அன்றே ஒதுக்கீட்டை முடிவு செய்யும் நிதிக் குழுவுக்கு அனுப்பினார். மறுநாளே இடமாற்ற உத்தரவு வந்தது.

“எங்க தூக்கிப் போட்டிருக்காங்க?” என்றார் கணவர்.

“மலை மேல. தடுப்பூசிக் கிடங்கு.”

“அங்க எண்ண என்ன இருக்கு?”

“குப்பி.”

“பாவம் குப்பிங்க. சரி, ஸ்வெட்டரை எடுத்து வைக்கறேன்.”

கிடங்கிலிருந்தும் அவர் நிதிக் குழுவை விடவில்லை. ‘வேறு யாரையாவது வைத்துச் சரிபாருங்கள். நான் சொன்னது தவறென்றால் என் பென்ஷனை நிறுத்துங்கள்’ என்று மாதாமாதம் எழுதினார். கடைசியில் குழு வெளியாள் ஒருவரை வைத்துச் சரிபார்த்தது. பழைய மருத்துவமனையின் பிரிவு மூடப்படாது, அவருடைய இடமாற்றத்தில் மாற்றமில்லை என்ற இறுதிக் கடிதம் கிடங்குக்கு வந்த தேதி, செப்டம்பர் 17.