உடைந்து நின்ற க்ளோ பிளக்

ஆடுகோடியில் டிசம்பர் குளிர் வந்தாலே எங்கள் பழைய டீசல் கார் காலையில் கிளம்பாது. என்ஜினைச் சூடேற்றும் க்ளோ பிளக் நான்கும் போயிருக்கும் என்று மெக்கானிக் போனில் சொன்னார். அவர் வெளியூரில், ஆனேக்கலில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்; வர முடியாது. மறுநாள் காலை என் கணவருக்கு டயாலிசிஸ். போன முறை ஆட்டோவில் மயங்கி என் மேல் சாய்ந்துவிட்டார். அதனால் புது பிளக் வாங்கி வந்து நானே மாற்ற இறங்கினேன்.

மூன்று சுலபமாகக் கழன்றன; அங்கே புதியதை மாட்டினேன். கடைசி பிளக்கை எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாகத்தான் திருப்பினேன். தலை மட்டும் உடைந்து ஸ்பேனரோடு வந்தது. மிச்சம் என்ஜினுக்குள் நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கணவர், "விடும்மா, ஒரு தடவை போகலன்னா ஒண்ணும் ஆவாது" என்றார். ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அவர் கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

மறுபடி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "உடைஞ்சதைத் தொடாதீங்க அக்கா. மூணு பிளக் வேலை செஞ்சாலே வண்டி எழும்பலாம்" என்றார்.

விடிந்ததும் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் வண்டி உதறிக்கொண்டு, வெள்ளைப் புகை கக்கி ஸ்டார்ட் ஆனது. ஆஸ்பத்திரி ஆள் அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை என்ஜினை அணைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.