கதவுக்கு இந்தப் பக்கம்

ஜெர்மனியில் வேலை கிடைத்து, எனக்கு விசா வந்த வாரம் அவரைச் செங்கல்பட்டு லோக்கலில் பார்த்தேன். மாமல்லபுரத்துச் சிற்பி, நகக்கண்ணெல்லாம் கல் தூள். வாசலோரம் நின்றிருந்தவர், என் கையிலிருந்த ஜெர்மன் பாடப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே பேசினார். அங்கே ஒரு கோயில் வேலைக்காக இரண்டு வருடம் இருந்தாராம்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்றதும் அவர் கட்டைவிரல் கதவோரத் தகரத்தை ஒருமுறை அழுத்தியது. அந்தக் கதவோ திறந்தேதான் கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அங்க கதவு தானா தொறக்காது சார். பட்டன அமுக்கணும். நெனப்புல வெச்சிக்கோ."

"தெரியாம மாட்டிக்கிட்டீங்களா?"

"தெரியாமயா? ஊருக்குக் கெளம்புன அன்னிக்கு நடுவுல ஒரு ஸ்டேஷன்ல வண்டி நின்னுது. அங்க பழக்கமான ஒருத்தி, கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னுகினு கீறா. எறங்கியிருந்தா வூடு வந்து சேர்ந்திருக்க மாட்டேன். கைய பாக்கெட்ல வுட்டுகினேன்."

பொத்தேரியில் இறங்கிக்கொண்டார்.

ஜெர்மனியில் முதல் நாள், பிளாட்பாரத்தில் நின்று ரயிலுக்குள் ஏறப் போகும்போதுதான் கவனித்தேன். கதவின் வெளிப்பக்கத்திலும் ஒரு பட்டன் இருந்தது. வெளியே நிற்பவரும் அழுத்தித் திறக்கலாம்.

அதை மட்டும் அவர் எனக்குச் சொல்லவில்லை.