தட்டுக்கு அடியில் டியூப் துண்டு

2024 மே 9, வியாழன், காலை 6.40. மேகமூட்டம், காற்றில்லை. குழாயை அடைக்கும் தட்டு வால்வு ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். கீல் உரசாமல், விரல் பட்டாலே தட்டு மூடிக்கொள்ள வேண்டும். விளிம்பில் ஒட்ட சைக்கிள் டியூபை வெட்டியதும் எழுந்த ரப்பர் வாசனை என்னை அறுபது வருடம் பின்னால் தள்ளியது.

எங்கள் ஊரான பெருமாட்டியில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர். சித்தப்பா முறையன்று எங்கள் குழாயின் இரும்புத் தட்டை அம்மா தள்ளி மூடுவாள். கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஒரு நாள் அது சட்டென்று இளகி, அவள் இரண்டு விரல்களை நசுக்கியது. இனி அடிபடக் கூடாதென்று நான் விளிம்பில் டியூப் துண்டு ஒன்றைச் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. தட்டு முழுக்கப் படியாமல் தண்ணீர் எங்கள் பக்கம் கசிந்தது.

மூன்றாம் நாள் சித்தப்பா வந்தார். "ஏனுங்ணா, என்ற மொறையில உங்க வாழைக்கு மட்டும் எப்படிங்க வேர்த்துச்சு?"

ஒரு சொட்டும் திருடவில்லை என்று அப்பா கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். நான் உருவி எடுத்த துண்டு அப்போது என் கால்சட்டைப் பையில் இருந்தது. பொய்ச் சத்தியம் என்றே சித்தப்பா கடைசிவரை நம்பினார். அப்பா இறந்தபோதும் வரப்போடு நின்றுவிட்டார்.

இன்று பொருத்தியது ஒன்பதாவது தட்டு; முந்தைய எட்டும் கசிந்தன. அரைமணி நேரம் பார்த்தேன், கசியவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து சித்தப்பா மகன் கேட்டான்:

"இந்த வயசுல எதுக்குங்ணா இந்தப் பாடு? எவ்வளவு ஆச்சு?"

டியூப் துண்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆறாயிரத்து நானூத்தி இருபது ரூபா," என்றேன்.