வெங்கிட்டு மாமாவின் இலை

நேற்று காலை பால் வாங்கப் போன அம்மா வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். எதிர்வீட்டு வெங்கிட்டு மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். ஹார்ட். "திங்கட்கிழமை உனக்கு ஆபரேஷன். இப்போ இதையெல்லாம் நினைக்காதே" என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் மாமாவோடு பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் இலை தெரியும். கொஞ்சம் சோறு, ரசம், பூசணி ஓலன், மோர். பயறு போட்ட எரிசேரிக் கூட்டு வாளியோடு யாராவது குனிந்தால் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்வார். "எனக்கு ஹெர்னியாடா! கடலை, பயறு, பொரிச்சது, காரம் ஒண்ணும் ஆகாது, கேட்டியா!" பந்தி முழுவதும் கேட்கும். பரிமாறும் கிட்டா அண்ணா விடமாட்டார்.

"பாயசத்துக்கு மட்டும் ஹெர்னியா லீவா, மாமா?"

"அரைக் கரண்டிக்கு லீவுடா."

போன வருஷம் என் அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு வீக்கம் வந்தது. இருமினால் புடைக்கும், படுத்தால் மறையும். பெண் குழந்தைக்கு அந்த இடத்தில் என்றால் யாரிடம் காட்டுவது என்று அம்மா பயந்தாள். மாமாவிடம் போய், ஊரில் ஒரு பந்துவுக்கு, உறவுக்காரருக்கு, ஹெர்னியா என்று சொல்லிப் பத்தியம் கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். வேகவைத்த நேந்திரம்பழம், நன்றாக வெந்த காய், நிறையத் தண்ணீர். மலம் இறுகக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. மாதக்கணக்கில் அப்படியே இருந்தேன். வயிறு லேசாக இருந்தது. வீக்கம் மட்டும் வளர்ந்தது.

ஒரு பூணூல் கல்யாணத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அவர் தன் இலையைப் பார்த்தார், என் இலையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அன்று மட்டும் குரலைத் தாழ்த்தி அம்மாவை அருகில் கூப்பிட்டார்.

"லலிதா, உன் ஊர்ப் பந்து இவதானா?"

அம்மா அழுதுவிட்டாள்.

"பத்தியம் வயித்தை உபத்திரவிக்காம வெச்சுக்கும், அவ்ளோதான். ஓட்டையை அடைக்காது. எனக்கு ஹார்ட் சரியில்லேன்னு டாக்டர்லாம் கத்தி வைக்க மாட்டேங்கறா. கொழந்தைக்கு என்ன கேடு? நாளைக்கே டாக்டர்ட்ட காட்டு. நானும் வரேன்."

வந்தார். டாக்டர் முன்னால் எனக்கும் அம்மாவுக்கும் வாய் வரவில்லை. ஜலதோஷம் என்று சொல்வதைப் போல மாமாதான் சாதாரணமாகச் சொன்னார்.

இன்று மதியம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்னைப் பார்த்தார். "எவிடெயா மோளே வேதனை?" என்று வலி எங்கே எனக் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். நான் இடத்தைத் தொட்டுக் காட்டி, ஹெர்னியா என்று சத்தமாகச் சொன்னேன். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தச் சத்தம் மாமா கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.