மோதிரத்தோடு திரும்பி வராத பாஸ்வேர்டு

“கேமரா தானா திரும்பிகினு கீது பாய். மோட்டார் போயிடுச்சு போல” என்று ஆர்.கே.பேட்டையிலிருந்து முனிரத்தினம் போன் செய்தார். விவசாயி. அவர் வீட்டு ஹாலில் அந்த வைஃபை கேமராவை மாட்டியவன் நான்தான். திருத்தணியில் கடை வைத்த நாளாகத் திரும்பாத கேமரா எவ்வளவோ பார்த்திருக்கிறேன். தானாகத் திரும்புவது எனக்குப் புதிது.

போனால், வீட்டில் யார் முகமும் சரியில்லை. மகள் பவித்ராவுக்கு வந்த இரண்டு வரன்கள் அடுத்தடுத்துத் தட்டிப்போயிருந்தன. பெண் பார்த்தவர்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் யாரோ போன் போட்டு அவளைப் பற்றிக் கண்டபடி பேசியிருக்கிறார்கள். வந்தவர்கள் யார், எந்த ஊர் என்பதெல்லாம் வீட்டாரைத் தவிர, பக்கத்துத் தெருவில் இருந்த முனிரத்தினத்தின் தங்கை ஜெயாவுக்கு மட்டுமே தெரியும். பழி அவள் மேல் விழுந்தது. அவள் திருத்தணி மலைக்கே போய்க் கற்பூரம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்தாளாம். அண்ணன் நம்பவில்லை. பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இதை அவர் சொல்லும்போதே பவித்ரா டீ கொண்டுவந்தாள். கேமரா மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. அவள் உள்ளே போனதும் எங்கள் பக்கம் வந்தது. ஆளைத் தானாகப் பின்தொடரும் வசதி அந்த மாடலில் கிடையாது. கெட்டுப்போன மோட்டார் ஆளைப் பார்த்துத் திரும்பாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் அதைக் கல்யாண வீட்டு லட்டு மாதிரி பங்கு போடுவார்கள்.

முனிரத்தினம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பவித்ராதான் சொன்னாள்: “நைனா, அவருக்கும் குடுத்தியே.”

அவர் என்றால், போன வருஷம் நிச்சயம் செய்து முறிந்துபோன மாப்பிள்ளை. நம்ம வீட்டுப் பையன்தானே என்று முனிரத்தினமே பெருமையாகக் கொடுத்தது. முறிந்தபோது மோதிரம், பட்டுப்புடவை எல்லாம் பெரியவர்கள் முன்னால் திருப்பிக் கொடுத்து வாங்கினார்கள். பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கேமராவில் மைக் உண்டு. வரன் வீட்டாரின் ஊர், பேர், போன் நம்பர் எல்லாம் அந்த ஹாலில்தான் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆப்பைத் திறந்தால், லாகின் ஆகியிருந்த போன்களின் பட்டியலில் அவன் போன் இன்னும் இருந்தது. போலீசில் காட்ட அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். எல்லா போனையும் லாக்-அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, ஓ.டி.பி. இல்லாமல் யாரும் நுழைய முடியாதபடி செய்தேன். கேமராவை ஹாலிலிருந்து கழற்றி கேட்டில் மாட்டினேன். எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பவித்ரா கேட்டாள்.

முனிரத்தினம் என்னையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். நடந்ததை நான்தான் விளக்கினேன். ஜெயா வாசலில் நின்றே கேட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்து, “மலையில கற்பூரம் அணைச்சப்போ நம்பல. கேமராக்காரர் வந்து சொன்னாதான் நம்புவியாண்ணா?” என்றாள்.

இப்போது எந்த வீட்டிலும் டிரில்லை எடுக்குமுன் சொல்லிவிடுகிறேன்: பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள், பார்க்க மட்டும் தனியாக அனுமதி கொடுங்கள், உறவு முறிந்தால் அன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். சிலர் கேட்கிறார்கள். சிலர் என்னைச் சந்தேகப் பேர்வழி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பவித்ராவுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. நானும் போயிருந்தேன். தாலி கட்டும் நேரம் வரை முனிரத்தினம் மண்டப வாசலிலேயே நின்றார். ஜெயா வரவில்லை.